மகனோடு ஏரிக்கரையில் ஒரு நாள்: முதன்முறை தூண்டில் போடுபவர்களுக்கு

ஏரிக்கரையில் தாராளமாகப் பேசலாம், மீன் ஓடிவிடாது. நாம் பேசும் ஒலி தண்ணீரின் மேற்பரப்பில் பட்டதும் அநேகமாக முழுவதும் மேலேயே திரும்பிவிடுகிறது. அதன் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே இறங்கும். மீனைக் கலைப்பவை நம் கால்கள். கரையில் தொம்தொம்மென்று நடந்தால் அந்த அதிர்வு மண் வழியாக நேரே தண்ணீருக்குள் போகும். மீனின் உள்காதும், செவுளிலிருந்து வால் வரை உடலில் ஓடும் பக்கக்கோடும் அதைச் சட்டென்று உணர்ந்துவிடும்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. என் மகன் சிறுவனாக இருந்தபோது ஒரே ஒரு தடவை தூண்டில் போட அழைத்துப் போனேன். "பேசாதே, மீன் ஓடிடும்" என்று அன்றைக்கு முழுக்க அவனை அடக்கிக்கொண்டே இருந்தேன். இருபது வருடம் கழித்து நாங்கள் மறுபடி ஓர் ஏரிக்கரையில் உட்கார்ந்தபோதுதான், கண்டிப்பைத் தப்பான இடத்தில் காட்டியிருக்கிறேன் என்று புரிந்தது. பேச்சுதான் அந்த நாளில் பாதி. மெதுவாக மிதித்து நடப்பதும், பெட்டியைத் தொப்பென்று கீழே போடாமல் இருப்பதும் போதும்.

மகன் சம்பாதிக்கிற வயதுக்கு வந்துவிட்டான், பார்ப்பதே எப்போதாவதுதான், இருவருக்கும் தூண்டில் புதிது. அப்படிப்பட்டவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். ஒருவருக்கும் தெரியாது என்பதே இதில் பெரிய வசதி.

தேதியை அவன் சொல்லட்டும்

"வர்ற ஞாயிறு போறோம்" என்று அறிவிக்காதீர்கள். அவனுக்கு அவனுடைய வேலை, அவனுடைய வீடு, அவனுடைய களைப்பு இருக்கும். அடுத்த ஒரு மாதத்தில் எந்த நாள் தோதாக இருக்கும் என்று கேளுங்கள். அவன் சொல்கிற நாளுக்கு நீங்கள் ஒத்துப்போங்கள்.

மீன்கள் விடியலிலும் அந்தியிலும் நன்றாக மேயும். வெளிச்சம் குறைவாக இருக்கும் அந்த நேரங்களில் ஆழமில்லாத கரையோரத்துக்கு வந்து இரை தேடும். வெயில் ஏறியதும் நிழலுக்கோ ஆழத்துக்கோ நகர்ந்துவிடும். எனவே விடிவதற்கு முன்பே கரையில் இருக்க வேண்டும் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் வாரம் முழுக்க உழைத்துவிட்டு வரும் பிள்ளையை விடுமுறை நாளில் நான்கு மணிக்கு எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. பிற்பகல் மூன்று மணிக்குப் போய் இருட்டும் வரை உட்காருவதுதான் எங்களுக்குப் பிடித்திருக்கிறது. முதல் ஒன்றரை மணி நேரம் பெரிதாக ஒன்றும் கடிக்காது. அந்த நேரத்தில் சாமான்களை நிதானமாகப் பூட்டலாம், வீசிப் பழகலாம். வெயில் இறங்க இறங்க மீன் கரைக்கு வரும். காலையில் தொடங்கினால் நல்ல நேரம் முதலிலேயே தீர்ந்துபோகிறது. மாலையில் அது கடைசிக்கு மிஞ்சியிருக்கிறது.

லேசான மேகமும் லேசான காற்றும் உள்ள நாள் நல்லது. காற்று தண்ணீரைச் சிலிர்க்கச் செய்தால் மீனுக்கு நம் உருவம் தெளிவாகத் தெரியாது. இடி மின்னல் வரும் என்று வானிலை அறிக்கை சொன்னால் தேதியை மாற்றிவிடுங்கள்.

அப்புறம், அனுமதி. அந்த ஏரியில் தூண்டில் போடலாமா, அனுமதிச் சீட்டு வேண்டுமா, இனப்பெருக்க காலத்துக்கான தடை நடப்பில் இருக்கிறதா, எந்த அளவுக்குக் கீழே உள்ள மீனைத் திரும்ப விட வேண்டும், ஒருவர் எத்தனை மீன் எடுத்துக்கொள்ளலாம் என்பதையெல்லாம் ஏரியை நிர்வகிப்பவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். குடிநீருக்காக ஒதுக்கிய ஏரி என்றால் முழுத் தடையே இருக்கலாம். இந்த வேலையை நான் மகனிடம் விட்டுவிட்டேன். சாப்பாடும் இரையும் என் பொறுப்பு. ஆளுக்குக் கொஞ்சம் என்று வேலை பிரிந்தால் அது இருவருடைய பயணமாகும்.

சாமான்: இரண்டும் ஒரே மாதிரி

நல்ல கோலை நீங்கள் வைத்துக்கொண்டு சுமாரானதை அவனிடம் கொடுக்காதீர்கள். அவனுக்கு உயர்ந்ததை வாங்கிக் கொடுத்துவிட்டு நீங்கள் பழைய கம்போடு உட்காருவதும் வேண்டாம். ஒரே மாதிரி இரண்டு வாங்குங்கள். ஒன்றில் கோளாறு வந்தால் மற்றொன்றைப் பார்த்துச் சரிசெய்யலாம். கோல்களை மாற்றிக்கொண்டாலும் யாருக்கும் தடுமாற்றம் இருக்காது.

இரண்டு மீட்டர் முதல் 2.4 மீட்டர் வரை நீளமுள்ள கோல், அதில் நரம்பைச் சுற்றிவைக்க 2500 என்ற எண் போட்ட நடுத்தர ரீல், மூன்று முதல் நான்கு கிலோ தாங்கும் நைலான் நரம்பு. கரையோரத்துக்கு இவ்வளவு போதும். கரையை ஒட்டியே ஒன்றரை மீட்டர் ஆழம் இருக்கிற ஏரி என்றால் ரீலே தேவையில்லை. நான்கு மீட்டர் நீளக் கோலின் நுனியில் கோல் அளவுக்கு நரம்பைக் கட்டிவிட்டால் முடிந்தது. சிக்கல் விழாது, வீசத் தனியாகப் பழகவும் வேண்டாம். இதை மட்டமான சாமான் என்று நினைக்காதீர்கள். முதல் நாளுக்கு நான் இதையே சொல்வேன்.

முள் வாங்கும்போது எண்ணில் ஏமாந்துவிடக் கூடாது. எண் கூடக்கூட முள் சிறியதாகும். 6ஆம் எண்ணைவிட 10ஆம் எண் சின்னது. 1க்கு மேல் பெரிய முட்கள் 1/0, 2/0 என்று ஏறும், அவை நமக்கு வேண்டாம். 8, 10 இரண்டிலும் ஒவ்வொரு பொட்டலம் வாங்கினால் கெண்டை, திலேப்பியா, சின்னக் கெளுத்தி எல்லாவற்றுக்கும் ஒத்துவரும். முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு செதிலைக் குறடால் அழுத்தி மடக்கிவிடுங்கள். மீனின் வாயிலிருந்து சுலபமாகக் கழலும். உங்கள் விரலில் ஏறினாலும் சுலபமாகக் கழலும்.

மெலிந்த தக்கைகள் நான்கு, நரம்பில் கவ்வ வைக்கும் சின்னக் குண்டுகள் ஒரு டப்பா, நீளமூக்குக் குறடு, கத்தரி, கைப்பிடியுள்ள வலை ஒன்று. குண்டு ஈயத்தில் இல்லாமல் தகரத்திலோ டங்ஸ்டனிலோ கிடைத்தால் அதை எடுங்கள். அறுந்து விழும் ஈயக் குண்டுகளைக் கூழாங்கல் என்று நினைத்து வாத்தும் அன்னமும் விழுங்கி விஷம் ஏறிச் சாகின்றன. இங்கிலாந்தில் இதற்காகவே 1987 முதல் சிறிய ஈயக் குண்டுகளுக்குத் தடை இருக்கிறது.

தொப்பி, தண்ணீர், இரண்டு மடக்கு நாற்காலி, ஒரு துண்டு, ஒரு டார்ச். கறுப்புக் கண்ணாடி போலரைஸ்டு வகையாக இருந்தால் மேற்பரப்பின் கூச்சம் விலகி உள்ளே பாசியும் பாறையும் தெரியும். பறந்து வரும் முள்ளிடமிருந்து கண்ணையும் காக்கும். கொசு விரட்டி பூசினால் உள்ளங்கையைக் கழுவிவிட்டுத்தான் இரையைத் தொட வேண்டும். அதில் டீட் என்ற மருந்து இருந்தால் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும், கோலிலும் தக்கையிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முள் கட்டுவதை முந்தின இரவே பழகுங்கள்

தூண்டிலில் கற்றே ஆக வேண்டிய முடிச்சு ஒன்றுதான். கரையில் காற்றுக்கு நடுவே இதைப் பழக முயன்றால் எரிச்சல்தான் மிஞ்சும். வீட்டில் விளக்கடியில், பெரிய முள் ஒன்றின் நுனியைக் கார்க்கில் குத்திவைத்துக்கொண்டு பழகுங்கள்.

நரம்பின் நுனியை முள்ளின் காதில் நுழைத்து ஒரு சாண் அளவு வெளியே இழுங்கள். அந்த நுனியை நீண்ட நரம்பின் மேல் ஐந்தாறு முறை சுற்றுங்கள். முள்ளின் காதை ஒட்டி ஒரு சின்ன கண்ணி தெரியும். நுனியைத் திருப்பி அதற்குள் விடுங்கள். அப்படி விட்டதும் பக்கத்தில் இன்னொரு பெரிய கண்ணி உண்டாகியிருக்கும். அதற்குள்ளும் நுனியை விடுங்கள். இறுக்குமுன் முடிச்சை எச்சிலால் நனையுங்கள். இதைத் தவறவிடக் கூடாது. உலர்ந்த நைலானை இறுக்கினால் உராயும் சூட்டில் அந்த இடமே பலம் இழந்துவிடும், பெரிய மீன் வரும்போது அங்கேதான் அறும். நனைத்தபின் நீண்ட நரம்பைப் பிடித்து மெதுவாக இழுத்தால் சுற்றுகள் ஸ்பிரிங் போல ஒன்றன்மேல் ஒன்று அமரும். மிச்ச நுனியை இரண்டு மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள்.

எனக்கு வெள்ளெழுத்து. 10ஆம் எண் முள்ளின் காது எங்கே இருக்கிறது என்றே கண்ணாடி போட்டும் சரியாகத் தெரியவில்லை. மூன்று முறை முயன்றபின் மகன் ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டி வாங்கிக்கொண்டான். கோர்த்தான், சுற்றினான், நனைத்தான், இறுக்கினான். "அப்பா, பிடிச்சு இழுத்துப் பாருங்க" என்றான். நான்காவது முள்ளுக்கு வந்தபோது சுற்றுகளை எண்ணுவதை விட்டுவிட்டு, அலுவலகத்தில் புதிதாக வந்திருக்கும் மேலாளரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். ஆறு மாதமாகத் தொலைபேசியில் "வேலை எப்படிப் போகுது" என்று கேட்டு "போகுதுப்பா" என்ற பதிலையே வாங்கிக்கொண்டிருந்தவன் நான். எனவே என் யோசனை இதுதான்: உங்களுக்குக் கண் நன்றாகத் தெரிந்தாலும் முள் கட்டும் வேலையை அவனிடம் கொடுங்கள். கைக்கு ஒரு வேலை இருந்தால் வாய் தானாகத் திறக்கிறது.

இடம் பார்ப்பது

ஏரிக்குப் போனதும் பையைத் திறக்காதீர்கள். பத்து நிமிடம் கரையோடு நடந்து பாருங்கள். பாசிப் படுகை முடியும் விளிம்பு, தண்ணீரில் சாய்ந்து கிடக்கும் மரம், கவிந்த கிளையின் நிழல், ஓடை வந்து விழும் வாய் ஆகிய இடங்களில் மீனுக்கு ஒளிய மறைவும் உண்டு, தின்ன இரையும் உண்டு. அடிச்சேற்றைக் கிளறித் தின்னும் கெண்டை, சின்னச்சின்னக் குமிழிகளைக் கூட்டமாக மேலே விடும். ஒரே இடத்தில் வரும் குமிழிகள் வெறும் சேற்று வாயுவாகவும் இருக்கலாம். குமிழிக் கூட்டம் மெல்ல நகர்ந்துகொண்டே போனால் அடியில் மீன் மேய்கிறது.

காற்று எந்தக் கரையை நோக்கி அடிக்கிறது என்று பாருங்கள். விழுந்த பூச்சிகளும் மிதக்கும் இரையும் அந்தப் பக்கம்தான் ஒதுங்கும், மீனும் பின்னாலேயே போகும். ஆனால் எதிர்க்காற்றில் வீசுவது புதியவர்களுக்குக் கஷ்டம். காற்று பக்கவாட்டில் வரும்படி உட்கார்ந்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம்.

ஆழம் கூடக்கூட மீன் அதிகம் என்று நினைப்பது இயல்பு. வெயில் காலத்தில் ஆழமான ஏரிகளில் இது பொய்த்துப்போகும். மேலே சூடான நீர், கீழே குளிர்ந்த கனமான நீர் என்று இரண்டு அடுக்காகப் பிரிந்து நின்றுவிடும். அவை கலக்காததால் அடியடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்துகொண்டே போகும். கரைக்குப் பக்கத்தில் ஒன்றரை முதல் மூன்று மீட்டர் ஆழமுள்ள இடம் நமக்குப் போதும்.

நாற்காலிகளை விளிம்பில் போடாமல் ஓரிரு மீட்டர் தள்ளிப் போடுங்கள். தண்ணீருக்குள்ளிருந்து பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேலே 97 டிகிரி விரியும் ஒரு வட்டச் சாளரத்துக்குள் சுருங்கித் தெரிகிறது. அதன் ஓரத்தில், தாழ்வாகவும் தள்ளியும் இருப்பவை நசுங்கி மங்கிவிடும். நின்றால் தெரிவோம், உட்கார்ந்தால் மறைவோம். இரண்டு நாற்காலிக்கும் நடுவே ஒரு கோல் நீளம் இடைவெளி விடுங்கள். முள் மேலே படாத தூரம் அது, குரல் கேட்கிற தூரமும் அதுவே. இருவரும் தண்ணீரைப் பார்த்து உட்காருங்கள். எதிரெதிரே உட்கார்ந்து முகம் பார்த்துச் சொல்ல முடியாதவை, இருவரும் ஒரே தக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வந்துவிடுகின்றன.

ஆழம், இரை, வீச்சு

தக்கையை எந்த உயரத்தில் வைப்பது என்பதை ஊகிக்க வேண்டாம், அளக்கலாம். முள்ளில் கனமான ஒரு குண்டை மாட்டி, தூண்டில் போடப்போகும் இடத்தில் இறக்குங்கள். தக்கை மூழ்கிப் போனால் தக்கைக்கும் முள்ளுக்கும் உள்ள இடைவெளி ஆழத்தைவிடக் குறைவு, தக்கையை மேலே நகர்த்துங்கள். தக்கை படுத்துக்கொண்டால் இடைவெளி அதிகம், கீழே நகர்த்துங்கள். நுனி மட்டும் தெரிய நிமிர்ந்து நின்றால் இரை சரியாகத் தரையைத் தொடுகிறது. கெண்டையும் கெளுத்தியும் மேய்வது அங்கேதான். கனமான குண்டைக் கழற்றிவிட்டு, சின்னக் குண்டுகளை நரம்பில் கவ்வவைத்து, தக்கையின் நுனி மட்டும் வெளியே நிற்கும்படி செய்யுங்கள். தக்கை அரைவாசி வெளியே நின்றால், இழுக்கும் மீனுக்குக் கனம் தெரிந்து இரையைத் துப்பிவிடும்.

இரைக்கு மண்புழுவை மிஞ்சியது இல்லை. முள்ளில் கோர்த்துவிட்டு வால் பக்கம் கொஞ்சம் நெளியும்படி விடுங்கள். புழுவைத் தொடத் தயங்கினால் வேகவைத்த சோளமணி அல்லது தண்ணீர் விட்டுப் பிசைந்த ரொட்டி. தக்கை நிற்கும் இடத்தைச் சுற்றி ஒரு பிடி சோளமோ ரொட்டித் தூளோ தூவுங்கள். பிறகு இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சில மணிகள் போதும். மீனை அங்கே வரவழைப்பதுதான் நோக்கம், வயிறு நிறைத்து அனுப்புவதல்ல.

ரீல் உள்ள கோலில் வீசும் முறை: தக்கை, கோலின் நுனியிலிருந்து முக்கால் மீட்டர் தொங்கட்டும். ஆள்காட்டி விரலில் நரம்பை மடக்கிப் பிடித்துக்கொண்டு, ரீலின் கம்பி வளையத்தைத் திறவுங்கள். பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பாருங்கள். கோலைத் தோளுக்கு மேலே கொண்டுபோய் முன்னால் வீசி, தலையைத் தாண்டி முன்பக்கம் பாதி சாயும்போது விரலை விடுங்கள். சீக்கிரம் விட்டால் வானத்தை நோக்கிப் போகும், தாமதித்து விட்டால் காலடியில் சட்டென்று அறையும். பத்துப் பன்னிரண்டு தடவையில் கைக்குப் பிடிபட்டுவிடும். தூரமாக வீசுவது முக்கியமே இல்லை, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழ வேண்டும்.

இங்கே ஒரு வேண்டுகோள். மகன் வீசுவதைத் திருத்தாதீர்கள். இருபது வருடம் கழித்துப் போன அந்தப் பயணத்தில் நான் ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு குறிப்பு சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அவன் முகம் பத்தாம் வகுப்பில் என் பக்கத்தில் கணக்குப் போட உட்கார்ந்தபோது இருந்த முகமாக மாறிவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்கு மனசு கனத்துவிட்டது. நான் எழுந்து இருவருக்கும் குடிக்கத் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்தேன். அதன்பின் அவனாகக் கேட்டால் மட்டும் சொல்வது என்று வைத்துக்கொண்டேன். அன்று அவன் இரண்டு தடவை கேட்டான். இரண்டு தடவையும் எனக்கே விடை தெரியவில்லை, சேர்ந்துதான் கண்டுபிடித்தோம்.

காத்திருக்கும் நேரம்

புதிதாக வருபவர்கள் இந்த நேரத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். தக்கை அசையாமல் நிற்கும், என்ன பேசுவது என்று தெரியாது. ஒன்றும் பேச வேண்டாம். முதல் அரை மணி நேரம் அப்படியே போகட்டும்.

பேச்சு வரும்போது கல்யாணம், சேமிப்பு, வீடு வாங்குவது போன்ற விஷயங்களை நீங்களாக எடுக்காதீர்கள். அவை எல்லா நாளும் பேசக் கிடைப்பவை, தூண்டில் முள்ளை விடக் கூர்மையானவையும் கூட. நீங்கள் அவன் வயதில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எதைக் கண்டு பயந்தீர்கள் என்று சொல்லிப் பாருங்கள். அறிவுரையாக முடிக்காமல் நடந்ததோடு நிறுத்துங்கள். என் முதல் வேலை போன கதையை நான் அவனிடம் சொன்னதே இல்லை என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் எனக்கே உறைத்தது.

கைப்பேசியைத் தடை செய்ய வேண்டாம். ஒலியை மட்டும் அணைத்துவிடுங்கள். அவன் நடுவில் எடுத்துப் பார்த்தால் விட்டுவிடுங்கள், தக்கை அவனைத் திரும்ப அழைத்துக்கொள்ளும். நாற்பது நிமிடம் ஒரு அசைவும் இல்லையென்றால் ஆழத்தை ஒரு சாண் குறைத்துப் பாருங்கள், இரையை மாற்றிப் பாருங்கள், இரண்டும் பலிக்காவிட்டால் இடத்தை மாற்றுங்கள். ஒரே சமயத்தில் இரண்டு மாற்றம் செய்தால் எது பலித்தது என்று தெரியாமல் போகும். ஒருவர் புழு, ஒருவர் சோளம் என்று போட்டுப் பார்ப்பது இருவராகப் போவதில் உள்ள வசதி.

தக்கை அசைந்தால்

தக்கை லேசாகத் துடிப்பது பெரும்பாலும் சின்ன மீன்கள் இரையைக் கொத்துவது. பொறுங்கள். பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போனாலோ, அப்படியே உள்ளே அமிழ்ந்தாலோ மீன் வாயில் வாங்கிவிட்டது. தக்கை எழும்பிப் படுத்தாலும் கடிதான். அடியிலிருந்து இரையைத் தூக்கும் மீன் குண்டின் கனத்தையும் சேர்த்துத் தூக்குவதால் அப்படி ஆகிறது. கோலின் நுனியை மணிக்கட்டால் ஒரு சுண்டு சுண்டுங்கள். கூரான முள்ளுக்கு அது போதும், முழுக் கையையும் வீசி இழுத்தால் மீனின் உதடுதான் கிழியும்.

ரீலில் டிராக் என்ற திருகு இருக்கிறது. மீன் பலமாக இழுத்தால் நரம்பு அறாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்க அது உதவுகிறது. நரம்பு தாங்கும் எடையில் கால் பங்குக்கு அதை வைப்பது வழக்கம். அளக்கத் தராசு தேவையில்லை. நான்கு கிலோ நரம்பு என்றால், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை அதில் கட்டி ரீலுக்கு அருகிலேயே நரம்பைப் பிடித்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். பாட்டில் தரையைவிட்டுக் கிளம்பும் நேரத்தில் ரீல் கரகரவென்று சுழல வேண்டும்.

மீன் ஓடும்போது ரீலைச் சுற்றாதீர்கள், ஓடட்டும். நின்றதும் கோலை மெதுவாக உயர்த்தி, தாழ்த்திக்கொண்டே சுற்றுங்கள். நரம்பு ஒரு கணமும் தொய்யக் கூடாது. செதிலை மடக்கிய முள் தொய்வில்தான் கழலும்.

கரைக்கு வந்த மீனை ஏந்துவது மற்றவர் வேலை. வலையை முதலிலேயே தண்ணீருக்குள் அமிழ்த்தி அசையாமல் பிடிக்க வேண்டும். மீனை வலைக்கு மேலே நடத்திக் கொண்டுவருவது கோல் பிடித்திருப்பவரின் பொறுப்பு. வலையோடு மீனைத் துரத்தினால் அது மிரண்டு நரம்பை அறுத்துக்கொண்டு போய்விடும். அவன் கோலில் பெரிய மீன் விழுந்தால் உங்கள் கை தானாக அந்தக் கோலை நோக்கி நீளும். வலையின் பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொள்ளுங்கள். மீன் போனாலும் அது அவனுடைய மீன்.

மீனைத் தொடும் முறை

திரும்ப விடப் போகிறீர்களா, எடுத்துப் போகப் போகிறீர்களா என்பதை முதல் தூண்டில் போடும் முன்பே இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். மீன் துடிக்கும்போது விவாதிக்க முடியாது.

விடுவதானால் கையை நன்றாக நனைத்த பிறகே தொட வேண்டும். மீனின் மேலுள்ள வழவழப்பு அதைக் கிருமியிடமிருந்து காக்கும் கவசம், உலர்ந்த கையும் துண்டும் அதை உரித்துவிடும். தரைக்குப் பக்கத்தில் குனிந்து, வயிற்றைத் தாங்கிப் படுக்கைவாக்கில் பிடியுங்கள். குறடால் முள்ளை வந்த வழியே திருப்பி எடுங்கள். முள் தொண்டைக்குள் போயிருந்தால் தோண்டாதீர்கள், நரம்பை வாய்க்கு அருகே வெட்டிவிட்டால் மீன் பிழைக்க வாய்ப்பு அதிகம். படம் எடுக்க வேண்டுமென்றால் மீனை வெளியே எடுக்கும்போது நீங்களும் மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு மூச்சு முட்டும்போது அதற்கும் முட்டுகிறது. தண்ணீரில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தால் தெம்பு வந்ததும் அதுவே உதறிக்கொண்டு போய்விடும்.

கெளுத்தி கிடைத்தால் எச்சரிக்கை. முதுகில் ஒன்றும், செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று முட்கள் உண்டு. குத்தினால் கடுகடுவென்று நெடுநேரம் வலிக்கும்.

எடுத்துப் போவதானால் வாளித் தண்ணீரில் உயிரோடு போட்டு வைக்காதீர்கள். 10 டிகிரி தண்ணீரில் லிட்டருக்குப் பதினோரு மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும், 30 டிகிரியில் ஏழரைதான். வெயிலில் சூடேறும் வாளியில் மீன் மெல்ல மூச்சுத் திணறிச் சாகும். கண்ணுக்குச் சற்றுப் பின்னால் தலை உச்சியில் கட்டையால் பலமாக ஒரே அடி அடித்து, உடனே பனிக்கட்டியில் வையுங்கள். மனதுக்குக் கஷ்டமான வேலைதான், ஆனால் மீனுக்கு அதுவே கருணை.

அசட்டையாக இருக்கக் கூடாதவை

கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பி போகும் இடத்தில் கோலை நிமிர்த்தவே கூடாது. இடிச் சத்தம் கேட்டால் கோலைக் கீழே வைத்துவிட்டு வண்டிக்கோ கட்டடத்துக்கோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும் வரை திரும்ப வேண்டாம். படகில் போனால் நீச்சல் தெரிந்தாலும் மிதவை அங்கியை அணிந்தே இருங்கள், எழுந்து நின்று வீசாதீர்கள். படகின் அடியில் பெட்டி விழும் சத்தம் கரையில் நடக்கும் சத்தத்தைவிட மோசமாக மீனைக் கலைக்கும் என்பது வேறு. செதிலோடு கூடிய முள் விரலில் ஆழமாக ஏறினால் பிடுங்க முயலாமல் நரம்பை மட்டும் வெட்டிவிட்டு மருத்துவரிடம் போங்கள். கண்ணுக்கு அருகே என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

கிளம்பும்போது

இருட்டத் தொடங்கியதும் "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று தோன்றும். அதற்கு ஒரு கால் மணி நேரத்தைக் கணக்கில் முன்பே சேர்த்து வைத்திருங்கள், அவசரமாகக் கிளம்ப வேண்டியிருக்காது.

டார்ச் அடித்துக் காலடியைச் சுற்றித் தேடுங்கள். வெட்டிய நரம்புத் துண்டு ஒன்றுகூடக் கரையில் கிடக்கக் கூடாது. நைலான் மக்காது, பறவைகளின் காலில் சுற்றிக்கொண்டால் அவற்றால் அவிழ்க்கவும் முடியாது. வலையிலும் நாற்காலிக் காலிலும் ஒட்டிய பாசியை அங்கேயே உதறிவிடுங்கள். வீட்டில் எல்லாவற்றையும் நன்றாகக் காயவைத்த பிறகே இன்னோர் ஏரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஓர் ஏரியின் களையும் நத்தையும் மற்ற ஏரிக்குப் பரவுவது பெரும்பாலும் இப்படி ஈரமாகப் போகும் சாமான்களில்தான்.

முட்களை நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து வையுங்கள். டிராக் திருகைத் தளர்த்தி வையுங்கள், இறுக்கியபடி மாதக்கணக்கில் கிடந்தால் உள்ளிருக்கும் வளையங்கள் ஒட்டிக்கொள்ளும். கோலைச் சுவரில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும், படுக்கவைத்தோ தொங்கவிட்டோ வைக்க வேண்டும். எங்கள் இரண்டு கோலும் என் வீட்டில் கதவுக்கு மேலே மாட்டியிருக்கின்றன. முள் டப்பாவை மட்டும் மகன் எடுத்துப் போனான். அடுத்த தடவைக்கு ஆறு முள் கட்டிக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான்.